பொற்சிமிழும் பொடி மட்டையும்

"உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய பொருள் ஒன்றை நாளைக்கு எடுத்து வாருங்கள். அதன் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியும் வாருங்கள்" என்று ஒருநாள் வகுப்பிலே சொன்னோம். காரைக்காலிலே பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் நமக்கு, மன்னர் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லிச் சொல்லிச் சலித்துப் போயிருந்தது. மன்னன் மாண்ட ஆண்டு தெரிகிறது மாணவனுக்கு. தன் பாட்டன் வாழ்ந்த வாழ்வு தெரியவில்லை. இந்தக் குறையை ஒருநாளாவது போக்குவோம் என்று எண்ணினோம்.

மறுநாள் மேசை நிறைந்தது. வெற்றிலைப் பெட்டி ஒன்று வந்தது. மரக்கால் ஒன்று வந்தது. பிரெஞ்சு முத்திரைத் தாளில் எழுதிய கிரயப் பத்திரம் ஒன்று வந்தது. பளபளவென்று துலக்கிய பித்தளைப் பொடி டப்பியும் ஒன்று வந்தது. அதைக் கொண்டுவந்த பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "ஐயா, இது எங்கள் பாட்டனாருக்கு அவருடைய பாட்டனார் கொடுத்தது. இதைப்போலவே தங்கத்தில் ஒன்று இருந்ததாம். வெள்ளைக்காரத் துரை கொடுத்ததாம். அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை."

வகுப்பு வாயைப் பிளந்தது. தங்கத்தில் பொடி டப்பி! துரை கொடுத்தது!

கடைசி வரிசையில் ஒருவன் வெறுங்கையோடு நின்றான். "நீ ஏன் ஒன்றும் கொண்டுவரவில்லை?" என்று கேட்டோம். "எங்கள் வீட்டிலே பழைய பொருள் ஏதும் இல்லை, ஐயா. தாத்தாவும் பொடி போடுவார். ஆனால் மட்டையிலேதான் வைத்திருப்பார். பொடி தீர்ந்ததும் மட்டையை எறிந்துவிடுவார்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க முடியவில்லை. காய்ந்த வாழை மட்டையிலே மடித்துவைத்த பொடிக்கும், தங்கச் சிமிழிலே அடைத்துவைத்த பொடிக்கும் காரம் ஒன்றுதான், தும்மலும் ஒன்றுதான். ஆனால் ஒரு வீட்டுக்கு வரலாறு உண்டு என்கிறோம். இன்னொரு வீட்டுக்கு வரலாறே இல்லை என்கிறோம். இது முறையா? பொருள் இருந்தால்தான் குடும்பத்துக்கு வரலாறா? தோழர்களே, அந்தச் சிறுவனுக்கு விடை சொல்லும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

*

முதலில் சிமிழுக்குள் இருக்கும் பொடியின் வரலாற்றைப் பார்ப்போம்.

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1492இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கியபோதுதான் ஐரோப்பியர் முதன்முதலாக அதைக் கண்டனர். போர்த்துக்கல் நாட்டிலே பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர், 1560இல் அதனைத் தலைவலிக்கு மருந்தென்று சொல்லித் தம் நாட்டு அரசி கேதரின் தெ மெதிசிக்கு அனுப்பினார். அவருடைய பெயரால்தான் புகையிலையிலுள்ள நச்சுப்பொருளை இன்று நிக்கோட்டின் என்கிறோம். அரசி மூக்கிலே ஏற்றியதை அரண்மனை மூக்கிலே ஏற்றிற்று. அரண்மனை ஏற்றியதை நாடே ஏற்றிற்று.

இந்தியாவுக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தனர். பீஜப்பூருக்குத் தூது சென்ற அசத் பேக், 1604-05 அளவில் புகையிலையை வடக்கே அக்பரின் அவைக்குக் கொண்டுசென்றார். 1617இல் அக்பரின் மகன் ஜஹாங்கீர் அதைத் தடை செய்தார். தடை நிற்கவில்லை, புகையிலைதான் நின்றது.

செடி தமிழ்நாட்டுக்கு வந்தபின் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் புகையிலை விடு தூது என்னும் நூலை இயற்றினார். உ. வே. சாமிநாதையர் அதனை 1939இல் பதிப்பித்தார். அந்நூலிலே புகையிலையின் பிறப்புக்குப் புராணம் ஒன்று உண்டு. தேவர்கள் மூன்று கடவுளரிடமும் மூன்று இலைகளைக் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்களாம். சிவனிடம் இருந்த வில்வத்தைக் கங்கை கொண்டுபோயிற்றாம். திருமாலிடம் இருந்த துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்றாம். பிரமன் தன் இலையை நாமகளிடம் கொடுத்து வைத்திருந்ததால் அது போகவில்லையாம். போகாத இலையே புகையிலை ஆயிற்றாம்!

புலவர் விளையாட்டாகப் பாடியிருக்கலாம். பாட்டைச் சுவைப்போம், புலவர் மீது நமக்குச் சினம் இல்லை. ஆனால் இதிலே ஒரு பாடம் இருக்கிறது. நேற்றுக் கப்பலிலே வந்திறங்கிய செடிக்கு, சில தலைமுறைக்குள்ளே தேவலோகத்துப் பிறப்புச் சான்று எழுதியாயிற்று! செடிக்கே இவ்வளவு எளிதாகக் குலப்பெருமை கற்பிக்க முடிந்தால், குடும்பங்களுக்குக் கற்பிப்பது எவ்வளவு எளிது! "எங்கள் குலம் தீயிலே பிறந்தது", "எங்கள் மூதாதை முகத்திலே உதித்தவன்" என்றெல்லாம் சொல்லப்படும் கதைகளைக் கேட்கும்போது, புகையிலையின் புராணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதை எழுதுவதற்குப் புலவன் ஒருவன் போதும். உண்மையைக் காண்பதற்கோ கப்பல் வந்த துறையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மேலைநாட்டிலும் மதம் இதில் மூக்கை நுழைக்காமல் இல்லை. கோயிலுக்குள்ளே புகையிலை பயன்படுத்துவோரை மதத்தை விட்டே விலக்குவதாக, 1642இல் போப் எட்டாம் அர்பன் ஸ்பெயின் நாட்டுச் செவீயா மறைமாவட்டத்துக்கு ஆணையிட்டார். 1725இல் போப் பதின்மூன்றாம் பெனடிக்ட் அந்தத் தடையை நீக்கினார். ஒரு தலைமுறைக்குப் பாவம். மறு தலைமுறைக்குப் பழக்கம்! ஆண்டவன் மனம் மாறினானா, ஆள்வோர் மனம் மாறிற்றா? எண்ணிப் பாருங்கள்.

*

இனிப் பொற்சிமிழுக்கு வருவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டு பாரிசிலே பொடிச்சிமிழ் செய்வது பெருங்கலையாக வளர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி. அதிலே தங்கம், பீங்கான், வைரம், மூடியின்மேல் மன்னனின் உருவம். தூதர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் பிரெஞ்சு மன்னர் கொடுக்கும் பரிசுகளில் அது தலைசிறந்தது. பெறுபவரின் தகுதிக்கேற்ப வைரத்தின் அளவு ஏறும், இறங்கும். யாருக்கு எந்த விலையில் என்ன கொடுக்கப்பட்டது என்பதற்கு அரண்மனையிலே கணக்கேடு இருந்தது. பெற்றவர்களில் பலர் சிமிழை மீண்டும் பொற்கொல்லரிடமே விற்றுப் பணமாக்கிக்கொண்டனர். அதே சிமிழ் மறுபடியும் வேறொருவருக்குப் பரிசாகப் போயிற்று. மன்னர் கொடுத்த மாண்பு, கடைத்தெருவுக்குப் போய்க் கைமாறித் திரும்பிற்று!

இவ்வகைச் சிமிழ்களிலே ஒன்றின் குடும்ப வரலாறு நமக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்க விடுதலைப் போரின்போது பிரான்சிலே தூதராக இருந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1785இல் அவர் தாயகம் திரும்பியபோது, பதினாறாம் லூயி மன்னர் தம் உருவம் பதித்து 408 வைரங்கள் இழைத்த பொற்சிமிழ் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். மன்னர்களை உதறிய குடியரசின் தூதர் மன்னரிடம் பரிசு பெறலாமா? அமெரிக்கர் உள்ளத்திலே அந்த ஐயம் எழுந்தது. 1787இல் எழுதிய அரசியல் சட்டத்திலே, பேரவையின் இசைவின்றி எந்த அதிகாரியும் வெளிநாட்டு மன்னரிடம் பரிசோ பட்டமோ பெறலாகாது என்று எழுதி வைத்தனர்.

பிராங்கிளின் 1790இல் இறந்தார். சிமிழைத் தம் மகள் சாராவுக்கு விட்டுச் சென்றார். அந்த வைரங்களை எடுத்து மகளோ பேத்திகளோ நகை செய்து அணியக்கூடாது என்று உயிலிலே கேட்டுக்கொண்டார். நகைமோகத்தை நாட்டிலே பரப்ப வேண்டாம் என்பது அவர் கருத்து. மகள் நகை செய்யவில்லை. வைரங்களில் சிலவற்றை விற்றுக் கணவரோடு ஐரோப்பாவுக்குப் பயணம் போய்வந்தார்! பின்வந்த தலைமுறைகளிலே எஞ்சியவையும் ஒவ்வொன்றாய்க் கழன்றன. இன்று பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்க மெய்யியல் கழகத்திலே அந்த மன்னரின் சிற்றுருவம் இருக்கிறது. 408 வைரங்களில் எஞ்சியது ஒன்றே ஒன்று.

மன்னர் என்ன ஆனார்? 1793இல் அவருடைய தலையே கழுத்தில் நிற்கவில்லை. ஆனால் பிராங்கிளினின் குடும்பம் எழுதிய வரலாற்றிலே வைரம் பெரிய இடம் பெறவில்லை. அவர் கையொப்பமிட்ட விடுதலைச் சாசனம்தான் பெரிய இடம் பெற்றது. பரிசு தேய்ந்தது, பணி நின்றது.

*

இந்தக் கண்ணோடு நம் கடற்கரையைப் பார்ப்போம்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்த கதையே ஒரு பேரக்கதை. தஞ்சையிலே மராட்டிய அரசுரிமைச் சண்டை. பணமும் துணையும் வேண்டியிருந்த சாகுஜி மன்னர், 1738இல் காரைக்காலையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் விலைக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார், பிறகு தயங்கினார். சந்தாசாகிப்பின் படை உதவியோடு 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர் ஊரைப் பெற்றனர். விற்றவர் மன்னர்; வாங்கியவர் வணிகக் கம்பெனியார்; இடையிலே நின்றவர் படைத்தலைவர். ஊரிலே வாழ்ந்த உழவனையும் வலைஞனையும் எவர் கேட்டார்? சிமிழைக் கைமாற்றுவது போல ஊரைக் கைமாற்றினர்.

இப்படிப்பட்ட பேரங்களுக்குப் பாலமாக இருந்தவர்கள் துபாசிகள். கம்பெனியின் தலைமைத் தரகர்கள். துரைமாரின் பரிசும் பட்டமும் பல்லக்கும் அவர்களுக்குத்தான் கிடைத்தன. அவர்களிலே புகழ்பெற்ற ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லுவோம்.

புதுச்சேரியிலே தலைமைத் தரகராக இருந்தவர் நயினியப்பப் பிள்ளை. செல்வத்திலும் செல்வாக்கிலும் அவருக்கு இணையில்லை. கிறித்துவர் அல்லாத ஒருவர் அந்தப் பதவியில் இருப்பதை ஏசுசபைப் பாதிரிமார் விரும்பவில்லை. ஆளுநர் ஏபேர் 1716இல் அவரைச் சிறைப்பிடித்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது: கடைத்தெருவிலே எல்லாரும் காண 50 கசையடி, மூன்று ஆண்டுச் சிறை, 8,888 வராகன் தண்டம், பிள்ளைகளுக்கு நாடு கடத்தல்! மறு ஆண்டே, 1717இல், அவர் சிறையிலேயே இறந்தார். அந்தத் தீர்ப்புத் தவறானது என்று பிரான்சிலே பின்னர் முடிவாயிற்று. முடிவு வந்தபோது அவர் இல்லை.

பொன்னும் பொருளும் நிறைந்த மாளிகை அவருடையது. அந்தப் பொன் ஒரு கசையடியைத் தடுத்ததா? துரையின் தயவிலே வந்த பெருமை, துரையின் முகம் சுளித்த அன்றே தெருவுக்கு வந்தது.

அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே கப்பலேறினார். அங்கே கிறித்துவரானார். அப்போது ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஆர்லியன்ஸ் கோமகனே ஞானத்தந்தையாக நின்றார். புனித மிக்கேல் வீரர் என்ற மன்னர் பட்டமும் குருவப்பருக்குக் கிடைத்தது. தந்தை இழந்த பதவியோடு ஊர் திரும்பினார். ஆனால் 1724இலேயே இறந்துபோனார். பதவி மீண்டும் கனகராய முதலியாருக்குப் போயிற்று.

நயினியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை. அவருடைய மகன்தான், நாட்குறிப்பால் நாமெல்லாம் அறிந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்தவர். 1736இலிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். துய்ப்ளே ஆட்சியிலே அவர் தலைமைத் தரகரானார். வாத்திய முழக்கத்தோடு பல்லக்கிலே ஆளுநர் மாளிகைக்குள் போகலாம். பொற்பூண் பிடித்த கைத்தடியை ஏந்தலாம். காலிலே செருப்பும் அணியலாம் என்ற சலுகைகள் அவருக்கு இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர்.

செருப்பு என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

இவ்வளவு சிறப்பும் எத்தனை நாள் நின்றது? துய்ப்ளே 1754இல் போனார். 1756இல் பிள்ளையின் பதவியும் போயிற்று. 1761 ஜனவரி 12ஆம் நாள் அவர் இறந்தார். அடுத்த சில நாளிலே புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது, நகரைத் தரைமட்டமாக்கினர். பல்லக்கு எங்கே? பொற்பூண் எங்கே? நின்றது எது? அவர் கைப்பட எழுதிய ஏடு! ஒரு மனிதன் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்த காகிதம், அவன் ஏந்திய பொன்னைவிட நெடுநாள் வாழ்ந்தது.

*

அந்த ஏட்டின் ஒரு பக்கம் நம் நெஞ்சைச் சுடுகிறது. ஆண்டு 1743. மக்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாக விற்கும் கும்பல் ஒன்று பிடிபட்ட செய்தியை ஆனந்தரங்கர் எழுதுகிறார். வேலை தருகிறோம் என்று ஏழைகளை அழைத்துப் போனார்கள். மயக்க மருந்து கொடுத்தார்கள். தலையை மழித்தார்கள். கறுப்புத் துணி உடுத்தினார்கள். அரியாங்குப்பத்து வீடுகளிலே அடைத்து வைத்தார்கள். பிறகு கடலுக்கப்பால், பிரெஞ்சுத் தீவுகளுக்கு விற்பதற்குக் கப்பலேற்றினார்கள். பரமானந்தன் என்ற பெயருடையவன் அதிலே தரகன். பேரானந்தம் என்று பொருள்படும் பெயர்! செய்த வேலையோ பேரழிவு!

அந்த மனிதர்களின் குடும்ப வரலாற்றை யார் எழுதினார்? அவர்களுக்குச் சிமிழ் ஏது?

பொற்சிமிழின் குடும்ப வரலாறு என்று செல்வர் வீட்டார் எழுதும்போது, "இன்னார் கொடுத்தார், இன்னார் பெற்றார், இன்னாருக்குப் பின் இன்னார் வைத்திருந்தார்" என்று எழுதுவர். நாம் எழுதினால் வேறு விதமாக எழுதுவோம். அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவுக்குப் பாய்ந்த பொன்னில் பெரும்பங்கு பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் சுரங்கங்களிலிருந்து வந்தது. அதைத் தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுபோன அடிமைகள். அந்தப் பொடி எங்கிருந்து வந்தது? வர்ஜீனியாவிலும் பாகியாவிலும் புகையிலை விளைந்தது. அங்கேயும் அடிமையின் முதுகில்தான் அது விளைந்தது. அடிமை தோண்டிய பொன்னிலே, அடிமை விளைத்த பொடியை வைத்து, ஆண்டான் தும்மினான். அருகிலிருந்தவர்கள் "நூறாண்டு வாழ்க" என்றார்கள். இதுதான் சிமிழின் முழு வரலாறு!

1848இல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளிலே அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிக்கு ஆள் தேவை ஒழியவில்லை. அவன் பார்வை நம் கரையின்மீது விழுந்தது. பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் துடித்த தஞ்சைச் சீமையின் உழவர்களை ஆள் பிடிப்போர் தேடிவந்தனர். புதுச்சேரியும் காரைக்காலும் கப்பல் துறைகளாயின. ஐந்தாண்டு ஒப்பந்தம், கூலி உண்டு, திரும்பி வரலாம் என்பது வாக்குறுதி. 1853 மே மாதம் ஔரெலி என்ற கப்பல் மர்த்தினிக் தீவிலே முதல் இந்தியர்களை இறக்கிற்று. 1854 டிசம்பரிலே குவாதலூப்பிலும் அக்கப்பலே இறக்கிற்று. நூற்றாண்டு முடிவதற்குள் மர்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேலும், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும், ரெயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரும் போயினர். வடக்கே கல்கத்தாவிலிருந்து ஏறியவர்களும் இவர்களிலே உண்டு. நம் கரையிலிருந்து ஏறியவர்கள் பெருந்தொகையினர்.

இவர்கள் கொண்டுபோன சொத்து என்ன? பதிவேட்டிலே எழுதிய பெயர் ஒன்று. அதன் பக்கத்திலே எண் ஒன்று. அவ்வளவுதான். பெயரைக் கூடப் பிரெஞ்சு எழுத்தர் தம் காதுக்கு எட்டியவாறு எழுதிக்கொண்டார். சிதம்பரம் "சிதம்பாரோம்" ஆனார். தமிழ் பேச ஆளின்றி மொழி மறைந்தது. பெயர் மட்டும் மறையவில்லை. இன்று அத்தீவுகளிலே வாழும் பேரப்பிள்ளைகள் அந்தப் பழைய பதிவேடுகளைப் புரட்டித் தம் மூதாதையரைத் தேடுகின்றனர். அவர்களுக்கு அந்தப் பெயரே பொற்சிமிழ்.

*

இப்போது செருப்புக்குத் திரும்புவோம்.

ஆனந்தரங்கருக்குச் செருப்பு அணியும் சலுகை கிடைத்தது என்றோம். சலுகை என்றால் என்ன பொருள்? ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம்.

அவர் மறைந்து நூறாண்டுக்கு மேல் கடந்தது. புதுச்சேரியிலே பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர், ஐரோப்பிய முறையிலே காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றார். "இந்தியனுக்கு இங்கே காலணி ஆகாது" என்று தடுத்தனர். அவர் காலணியைக் கழற்றவில்லை. வழக்கைப் பாரிசின் உயர்ந்த நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார். 1873இல் வெற்றி பெற்றார். பின்னர் 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி, பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டபோது, அவர் வைத்துக்கொண்ட பெயர் லா போர்த்து. கதவு என்பது அதன் பொருள். பொருத்தமான பெயர்! மூடியிருந்த கதவைத் தட்டித் திறந்தவர் அல்லவா?

கடலுக்கப்பால் இன்னொரு கதவு இருந்தது. குவாதலூப்பிலே 1863இல் ஒரு கூலிக் குடும்பத்திலே பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். அவருடைய இனத்துப் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆனாலும் வாக்குரிமை இல்லை. குடிமக்கள் என்ற ஏற்பும் இல்லை. 1904இல் அவர் வழக்காடத் தொடங்கினார். ஆண்டுகள் உருண்டன. ஆளுநர்கள் மாறினர். உலகப் போர் வந்து போயிற்று. அவர் மாறவில்லை. 1923இல், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. எழுத்தர் சிதைத்து எழுதிய அதே பெயரோடு, அந்தக் கூலியின் பிள்ளை வரலாற்றிலே நிமிர்ந்து நிற்கிறார்.

பல்லக்கேறிய பெரியவருக்குக் கிடைத்தது சலுகை. பொன்னுத்தம்பியும் சிதம்பரமும் பெற்றது உரிமை. சலுகை ஒருவரோடு பிறந்து ஒருவரோடு இறந்தது. உரிமை ஒருவர் போராடப் பல்லாயிரவருக்குச் சேர்ந்தது. சலுகையைச் சிமிழிலே அடைத்துப் பூட்டி வைக்கலாம். உரிமையை அடைத்து வைக்க இயலாது. அது காற்றுப் போல எல்லார் வீட்டுக்குள்ளும் நுழையும்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. புதிய சட்டம் வந்ததும் சாதி ஒழிந்துவிடவில்லை. நீதிமன்றத்திலே காலணி அணியும் உரிமை கிடைத்த பிறகும், நம் ஊர்த் தெருக்களிலே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடக்க வேண்டியிருந்தவர்கள் இருந்தனர். அவர்களைக் கழற்றச் சொன்னவர்கள் பிரெஞ்சுக்காரர் அல்லர், நம்மவரே. பாரிசின் நீதிமன்றம் திறந்த கதவை, பக்கத்துத் தெரு மூடிக்கொண்டது. ஆகவே கதவு தட்டும் வேலை இன்னும் நமக்கு மிச்சம் இருக்கிறது.

*

பிரெஞ்சுக்கொடி 1954 நவம்பர் முதல் நாள் காரைக்காலிலே இறங்கிற்று. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான மாற்றமும் நிறைவேறிற்று. துரையும் இல்லை, துபாசியும் இல்லை. ஆனால் "எங்கள் வீட்டிலே துரை கொடுத்த பொருள் இருந்தது" என்ற பெருமை மட்டும் பல வீடுகளிலே இருக்கிறது. பித்தளை டப்பியைத் துலக்கும்போது, தொலைந்துபோன தங்க டப்பிக்காக ஏங்குகிறார்கள். நாம் அவர்களை ஏளனம் செய்யவில்லை. பழைய பொருளைப் பாதுகாப்பது நல்ல செயலே. ஆனால் பொருளைப் போற்றும்போது, அதைக் கொடுத்தவன் எதற்காகக் கொடுத்தான், அதன் விலையை யார் முதுகு சுமந்தது என்று கேட்கவும் கற்க வேண்டும். அப்படிக் கேட்பவன்தான் வரலாற்று மாணவன். கேளாதவன் காவற்காரன்.

பொடியைப் பற்றியும் ஒரு சொல். சிமிழிலிருந்து எடுத்தாலும் மட்டையிலிருந்து எடுத்தாலும் நிக்கோட்டின் மனிதனை அடிமையாக்குவது. புகையில்லாப் புகையிலையும் புற்றுநோய் தரும் என்பது இன்று மருத்துவம் நிறுவிய உண்மை. அடிமை விளைத்த செடி, அதைச் சுவைத்தவனையும் அடிமையாக்கிற்று. இளைஞர்கள் இந்தச் சொத்துக்கு மட்டும் வாரிசாக வேண்டாம்.

வெறுங்கையோடு வந்த மாணவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான். "தம்பி, உன் தாத்தாவின் மட்டை குப்பைக்குப் போயிருக்கலாம். தாத்தா குப்பைக்குப் போகவில்லை. அவர் பெயர் என்ன? எந்த வயலிலே, யாருடைய நிலத்திலே உழைத்தார்? நாளொன்றுக்கு என்ன கூலி? எந்தத் தெருவிலே நடக்கக்கூடாது என்றார்கள்? முதன்முதலில் அந்தத் தெருவிலே நடந்தவர் யார்? உன் வீட்டிலே முதலில் எழுதப் படிக்கக் கற்றவர் யார்? பாட்டியிடம் கேட்டு எழுதி வா."

ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு தாள் நிறைய எழுதி வந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன, திருத்திக் கொடுத்தோம். உண்மையிலே பிழை இல்லை. அதிலே நாம் கை வைக்கவில்லை. வகுப்பிலே எழுந்து படிக்கச் சொன்னோம். முதல் வரியிலே தாத்தாவின் பெயர் இருந்தது. அடுத்த வரியிலே பாட்டியின் பெயர். இந்தத் தடவை எவரும் சிரிக்கவில்லை. பித்தளை டப்பி கொண்டுவந்த பையன் மட்டும் கையை உயர்த்தினான்.

"ஐயா, நானும் வேறு எழுதி வரட்டுமா? எங்கள் தாத்தாவின் வயலிலே வேலை செய்தவர்களின் பெயர்களை நான் கேட்கவே இல்லை" என்றான்.

எழுதி வரச் சொன்னோம். தோழர்களே, உங்களையும் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டு முதியவர் இன்னும் பேசுகிறார் என்றால், இன்றிரவே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். தாளும் எழுதுகோலும் போதும், சிமிழ் தேவையில்லை.